டிகிரி ஏறுது, சொத்து ஏன் ஏற மாட்டேங்குது? (அமெரிக்க கருப்பின மக்கள் டேட்டா, ப்ராஜெக்ட் சந்தேகம்)

நெய்வேலி_குமரன் கேட்டது:

வணக்கம் மக்களே. டேட்டா அனலிட்டிக்ஸ் கோர்ஸ்ல கடைசி செமஸ்டர், ப்ராஜெக்ட்டுக்கு அமெரிக்க சென்சஸ் எடுத்திருக்கேன், ஏன்னா எல்லாம் ஓப்பனா கெடைக்குது, யார் கால்லயும் விழ வேணாம். தலைப்பு, அங்க இருக்கிற கருப்பின மக்களோட படிப்பு, வருமானம், சொத்து. மூணையும் ஒரே டாஷ்போர்டுல போட்டா மூணு கோடும் சேந்து மேல ஏறும்னு நெனச்சு ஆரம்பிச்சேன், ஏறல.

மொதல் சிக்கல், தலை எண்ணிக்கையே ரெண்டா இருக்கு. 2020 சென்சஸ்னு போட்டு ஒரு எடத்துல 4.11 கோடிங்கறான், இன்னொரு எடத்துல 4.69 கோடிங்கறான். 58 லட்சம் பேர் எங்கேர்ந்து வந்தாங்க, எங்க போனாங்க?

ரெண்டாவதுதான் பெரிய தலைவலி. 1940ல 25 வயசுக்கு மேல இருந்த கருப்பின மக்கள்ல ஹைஸ்கூல் முடிச்சவங்க நூத்துக்கு ஏழெட்டு பேர்தான், இப்ப தொண்ணூறை நெருங்கியாச்சு. காலேஜ் டிகிரி 2000ல நூத்துக்கு 14, 15 பேர்கிட்ட இருந்துச்சு, 2022ல கால்வாசிப் பேர்கிட்ட இருக்கு. சரி சூப்பர்னு சொத்து பக்கம் போனா, அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 2022ல எடுத்த சர்வேல வெள்ளைக் குடும்பத்தோட மீடியன் (வரிசையா நிறுத்துனா நட்ட நடுவுல வர்ற) சொத்து சுமார் 2,85,000 டாலர், கருப்பினக் குடும்பத்துக்கு சுமார் 44,900. ஆறுல ஒரு பங்குகூட இல்ல. படிப்புல இவ்ளோ தூரம் வந்தவங்க இதுல மட்டும் ஏன் இப்படி?

நியூ ஜெர்சியில இருக்கிற எங்க மாமாகிட்ட ஃபோன்ல கேட்டேன், "நாங்க ரெண்டு பெட்டியோட வந்து எறங்குனோம்டா, இன்னிக்கு சொந்த வீடு, பசங்க நல்ல ஸ்கூல், அட நைஜீரியாலேர்ந்து வர்றவன்கூட டாக்டராயிடுறான், இவங்களுக்கு மட்டும் என்ன வந்துச்சு"ன்னு முடிச்சிட்டார். இதை ரிப்போர்ட்ல எழுதுனா எங்க கைடு மேடம் என்னை மறுபடி மொத செமஸ்டர்லேர்ந்து படிக்கச் சொல்லுவாங்க. யாராவது நம்பரோட வெளக்குங்க ப்ளீஸ்.

சென்சஸ்_கிறுக்கன்:

தம்பி, உன் மொதல் கேள்வியை சின்னதுன்னு நெனச்சுட்ட, எனக்கு அதுதான் பெருசு. 4.11 கோடிங்கறது ஃபாரத்துல "பிளாக்" பெட்டியை மட்டும் டிக் அடிச்சவங்க. 4.69 கோடிங்கறது அதோட வேற பெட்டியும் சேத்து அடிச்சவங்களும் உள்ள வந்த கணக்கு. 1990 சென்சஸ் வரைக்கும் இந்தக் கேள்வியே கெடையாது, ஏன்னா ஒரு ஆளுக்கு ஒரு பெட்டிதான். 2000லதான் மொத தடவையா ஒண்ணுக்கு மேல அடிக்கலாம்னு விட்டாங்க. அதனால 1990ஐயும் 2000ஐயும் ஒரே கோட்டுல போட்டு இழுக்கிறவங்களைப் பாத்தாலே எனக்கு எரிச்சல் வரும், அது ரெண்டும் ரெண்டு வேற கேள்விக்கு வந்த பதில்.

அந்த நாட்டுல இந்தப் பெட்டியோட கதையே தனி. 1790ல எடுத்த மொத சென்சஸ்ல சுதந்திரமான வெள்ளையர், மத்த சுதந்திர ஆளுங்க, அடிமைகள், இவ்ளோதான் பிரிவு, அதுலயும் காங்கிரஸ் (அந்த நாட்டுப் பார்லிமென்ட்) சீட்டு பிரிக்கிறப்ப ஒரு அடிமை அஞ்சுல மூணு ஆளு. 1850லயும் 1860லயும் அடிமைகளுக்குன்னு தனி நோட்டு போட்டாங்க, அதுல மொதலாளி பேர் இருக்கும், அடிமையோட வயசு, ஆணா பொண்ணா, நிறம் இருக்கும், பேர் மட்டும் இருக்காது. இன்னிக்கு தாத்தா பாட்டி வம்சம் தேடுற கருப்பின மக்கள் 1870 சென்சஸ்கிட்ட வந்து முட்டி நிக்கிறது இதனாலதான், அதுக்கு முன்னாடி அவங்க பாட்டன் பேரை யாரும் எழுதல. 1850லேர்ந்து கலப்பு ரத்தம்னா "முலாட்டோ"ன்னு ஒரு பிரிவு, 1890ல கால்வாசி ரத்தம்னா "குவாட்ரூன்", அரைக்கால்னா "ஆக்டரூன்", எண்ண வர்றவன் வாசல்ல நின்னு மூஞ்சியப் பாத்து எழுதிட்டுப் போவான். 1930ல அதெல்லாம் வேணாம், ஒரு சொட்டு கருப்பு ரத்தம் இருந்தாலும் நீக்ரோன்னு எழுதுன்னுட்டாங்க. ஜனங்க தன்னோட இனத்தைத் தானே எழுதற வழக்கம் 1960க்கு அப்புறம்தான் மெல்ல மெல்ல வந்துச்சு.

இப்பக்கூட தானே எழுதறதுன்னா சும்மா இல்ல. ஒபாமாவுக்கு அம்மா வெள்ளைக்காரங்க, 2010 ஃபாரத்துல ரெண்டு பெட்டி அடிச்சிருக்கலாம், அவர் "பிளாக்" மட்டும் அடிச்சார், வெள்ளை மாளிகையே அதைச் சொன்னாங்க. கமலா ஹாரிஸை எடுத்துக்க, அம்மா சியாமளா கோபாலன் நம்மூர், அப்பா ஜமைக்கா, படிச்சது ஹோவர்ட் யுனிவர்சிட்டி, கருப்பின மக்களுக்காக 1867ல ஆரம்பிச்ச காலேஜ். அவங்களை 4.11ல வைப்பியா 4.69ல வைப்பியாங்கறதை அவங்கதான் சொல்லணும், எக்ஸல் சொல்லாது.

இன்னொரு எச்சரிக்கை. 2010ல ஒண்ணுக்கு மேல இனம் சொன்னவங்க மொத்த அமெரிக்காவுலயும் 90 லட்சம், 2020ல 3.38 கோடி. பத்து வருஷத்துல அத்தனை கலப்புக் கல்யாணம் நடந்துடல. 2020 ஃபாரத்துல வெள்ளை, பிளாக் பெட்டிக்குக் கீழயும் பூர்வீகம் (ஜமைக்கன், ஹைத்தியன், நைஜீரியன், சோமாலி மாதிரி) எழுத எடம் விட்டாங்க, எழுதினதை வகைப்படுத்துற முறையையும் மாத்துனாங்க, ஏத்தத்துல நெறைய அதுலேர்ந்துதான். இதை "வளர்ச்சி"ன்னு சார்ட் போட்டுடாத.

எந்த நம்பர் எடுக்கிறதுன்னா, படிப்பு வருமானம் டேபிள் எல்லாம் பெரும்பாலும் "பிளாக் மட்டும்" கணக்குலதான் இருக்கும், அதனால 4.11ஐயே அடியில வச்சுக்க, 4.69ஐ கீழ குறிப்பாப் போடு. அதோட 2020 சென்சஸ்ல கருப்பின மக்கள்ல நூத்துக்கு 3.3 பேர் எண்ணாம விட்டுப்போச்சுன்னு சென்சஸ் பீரோவே அப்புறம் சரிபாத்துச் சொல்லிச்சு, ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் பேசுற நாடுகளோட வம்சாவளி) அல்லாத வெள்ளையர்ல நூத்துக்கு 1.64 கூடுதலா எண்ணிட்டாங்களாம். ஸ்கூல், ஆஸ்பத்திரி ஃபண்டு எல்லாம் இந்த எண்ணிக்கைல பிரியறதுதான், அதையும் ஒரு வரி எழுது.

ஜார்ஜியா_செல்வி:

குமரா, சென்சஸ் அண்ணன் விட்டா 1790லேர்ந்து வெளியவே வரமாட்டார், நான் ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். அட்லாண்டா பக்கம் வீட்டு லோன் ஃபைல் பாக்குற வேலையில இருக்கேன், அதனால இது எனக்கு தெனமும் கண்ணு முன்னாடி ஓடுற விஷயம்.

நீ வருமானத்தையும் சொத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு. 2022ல கருப்பினக் குடும்பத்தோட மீடியன் வருஷ வருமானம் 52,860 டாலர், ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளைக் குடும்பத்துக்கு 81,060. அதாவது நூத்துக்கு 65. சொத்துல நீ சொன்ன நம்பரை வகுத்தா நூத்துக்கு 16. டிகிரி வாங்குனா சம்பளம் ஏறும், அது நடந்திருக்கு, உன் படிப்புக் கோடு பொய் சொல்லல. ஆனா சொத்து சம்பளத்துலேர்ந்து மட்டுமா வருது, அப்பன் விட்டுட்டுப் போன வீடு, அந்த வீடு வெல ஏறுனது, தாத்தா வாங்கிப்போட்ட ஷேர், பாட்டி செத்தப்ப வந்த இன்சூரன்ஸ், இதெல்லாம்தான் சொத்து. ஃபெட் (அதே ஃபெடரல் ரிசர்வ்) 2019 சர்வேல பரம்பரைச் சொத்து வந்ததுன்னு சொன்ன வெள்ளைக் குடும்பம் நூத்துக்கு 30, கருப்பினக் குடும்பம் நூத்துக்கு 10.

எங்க ஃபைல்ல "கிஃப்ட் லெட்டர்"னு ஒரு பேப்பர் வரும், வீடு வாங்குற பையனுக்கு டவுன் பேமென்ட்டுக்கு அப்பா அம்மா பணம் குடுத்தா, இது கடன் இல்ல, திருப்பிக் கேக்க மாட்டோம்னு கையெழுத்துப் போட்டுத் தரணும். முப்பது வயசுல ஒரே கம்பெனியில ஒரே சம்பளம் வாங்குற ரெண்டு பேர் ஃபைல் வரும், ஒண்ணுல அம்மா கிட்டேர்ந்து கிஃப்ட் லெட்டர் இருக்கும், இன்னொண்ணுல மாசாமாசம் அம்மாவுக்கு இவங்க அனுப்புற பணம் பேங்க் ஸ்டேட்மென்ட்ல தெரியும். எது யாரோட ஃபைல்னு எப்பவும் ஒரே மாதிரி இருக்காதுதான், ஆனா பெரும்பாலும் நீ நெனைக்கிற மாதிரிதான் இருக்கும்.

அந்த அம்மாகிட்ட ஏன் பணம் இல்லன்னு கேட்டா பின்னாடி போகத்தான் வேணும். 1865 ஜனவரியில உள்நாட்டுப் போர்ல வடக்குப் படைத் தளபதியா இருந்த ஜெனரல் ஷெர்மன், அடிமைத்தனத்துலேர்ந்து விடுதலையான குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரை நெலம்னு ஆர்டர் போட்டார், அதே வருஷம் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் அதை ரத்து பண்ணி நெலத்தைப் பழைய மொதலாளிகிட்டயே குடுத்துட்டார். அதே 1865ல இவங்க சேமிக்கிறதுக்குன்னு ஃப்ரீட்மன்ஸ் சேவிங்ஸ் பேங்க் ஆரம்பிச்சாங்க, துணி வெளுத்து மூட்டை தூக்கிச் சேத்த காசைப் போட்டாங்க, 1874ல பேங்க் மூழ்கிடுச்சு, 61,000 பேருக்கு மேல கணக்கு வச்சிருந்தாங்க, போனது கிட்டத்தட்ட 30 லட்சம் டாலர், அந்தக் காலத்து டாலர். அப்படியும் விடல, 1920ல 9 லட்சத்துக்கு மேல கருப்பின விவசாயிங்க இருந்தாங்க. இன்னிக்கு 50,000கூட இல்ல.

அப்புறம் வீடு. 1930கள்ல அரசாங்கமே ஊர் ஊரா மேப் போட்டு கருப்பின மக்கள் இருக்கிற ஏரியாவை கடன் குடுத்தா ஆபத்துன்னு செவப்புல அடிச்சுச்சு, 1934ல வந்த எஃப்எச்ஏங்கற அரசாங்க வீட்டுக் கடன் உத்தரவாதம் அந்த ஏரியா பக்கமே போகல. ரெண்டாம் உலகப் போர்லேர்ந்து திரும்புன சிப்பாய்களுக்கு 1944ல ஜிஐ பில்னு போட்டு வீட்டுக் கடன் குடுத்தாங்க, அமெரிக்க மிடில் கிளாஸே அதுலதான் உருவாச்சு. 1947ல மிசிசிப்பியில எடுத்த ஒரு கணக்குல அந்தத் திட்டத்துல வீடு, தொழில், விவசாயத்துக்குன்னு குடுத்த 3,229 கடன்ல கருப்பின சிப்பாய்களுக்கு வந்தது ரெண்டு. ரெண்டாயிரம் இல்ல, ரெண்டு. வீடு விக்கிறதுல வாடகைக்கு விடறதுல இனம் பாக்கக் கூடாதுன்னு சட்டம் வந்ததே 1968லதான். இன்னிக்கும் சொந்த வீடு இருக்கிற வெள்ளைக் குடும்பம் நூத்துக்கு 74 பக்கம், கருப்பினக் குடும்பம் 45 பக்கம், இந்த எடைவெளி 1960ல இருந்ததைவிடக் கொறையல.

டிகிரிக்கும் ஒரு வெல இருக்கு. ப்ரூக்கிங்ஸ்ங்கற ஆய்வு நிறுவனம் 2016ல போட்ட ஆய்வுல, டிகிரி முடிக்கிற அன்னிக்கு கருப்பின மாணவருக்கு வெள்ளை மாணவரைவிட சராசரியா 7,400 டாலர் கூடுதல் கடன், நாலு வருஷம் கழிச்சுப் பாத்தா அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட 25,000 ஆயிருக்கு. வட்டி ஏறுது, பாதிப் பேர் மேல படிக்கன்னு இன்னும் கடன் வாங்குறாங்க, வீட்லேர்ந்து அடைக்க ஆள் இல்ல. ஆக உன் டாஷ்போர்டுல படிப்புக் கோடு ஏறுற அதே எடத்துல கடன் கோடுன்னு ஒண்ணு ஏறும், அதையும் போடு.

பவானி_எதிர்க்கட்சி:

எல்லாத்தையும் 1865க்குக் கொண்டுபோய்க் கட்டுனா ஆராய்ச்சி ஈஸிதானுங்க. நான் கொஞ்சம் எதுத்துப் பேசிக்கிறேன், திட்ட வேணாம். மொதல்ல வயசு. கருப்பின மக்களோட மீடியன் வயசு 32 பக்கம், வெள்ளையருக்கு 43ஐத் தாண்டிருச்சு. அறுபது வயசுக்காரன்கிட்ட சொத்து சாஸ்தியாத்தான் இருக்கும், இதைக் கழிக்காம மீடியனை மீடியனோட மோத விட்டா எப்படிங்க. ரெண்டாவது, ஒரே ஆள் சம்பாதிக்கிற குடும்பம் எத்தனைன்னு பாக்கோணும், ரெண்டு சம்பளம் வர்ற வீட்டோட அதை ஒப்பிடறது சரியா. மூணாவது, டாரிட்டி, ஹாமில்டன்னு பொருளாதாரக்காரங்க 2015ல சொன்னாங்கன்னு ஒண்ணை எல்லாரும் தூக்கிட்டுத் திரியறாங்க, டிகிரி படிச்ச கருப்பினக் குடும்பத்தைவிட ஹைஸ்கூலே முடிக்காத வெள்ளைக் குடும்பத்துக்கு சொத்து அதிகம்னு. ஹைஸ்கூல் முடிக்காதவங்க யாருங்க, பெரும்பாலும் வயசானவங்க, வீட்டுக் கடன் அடைச்சு முடிச்சவங்க. அதை முப்பது வயசு கிராஜுவேட்டோட ஒப்பிட்டா அப்படித்தான் வரும். குமரா, அதை மட்டும் அப்படியே அடிச்சு ரிப்போர்ட்ல வச்சுறாத, எவனாவது கேட்டா மாட்டிக்குவ.

மதுரை_பொருளாதாரம்:

பவானிக்காரர் கேட்டதுல வயசுப் பாயின்ட்டு சரியான பாயின்ட்டுதான், அந்த ஹைஸ்கூல் ஒப்பீட்டுக்குப் பக்கத்துல வயசைக் கட்டாயம் குறிப்பிடணும். ஆனா வயசு, வருமானம், குடும்ப அளவு எல்லாத்தையும் சமமாக்கிப் பாத்தாலும் எடைவெளி சுருங்குமே தவிர காணாமப் போகாது. ஒத்தை சம்பளக் குடும்பம்னு சொன்னீங்கல்ல, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் இருக்கிற குடும்பத்தைத் தனியா எடுத்துப் பாத்தாலும், அங்கயும் பெரிய வித்தியாசம் நிக்குது.

எனக்குப் புடிச்ச ஆய்வு எலோரா டெரனன்கோர்ட்ங்கற பொருளாதார ஆய்வாளரும் அவங்களோட சேந்தவங்களும் 2022ல வெளியிட்டது. 1860லேர்ந்து இன்னிக்கு வரைக்கும் தலைக்கு எவ்ளோ சொத்துன்னு தேடிப் புடிச்சு ஒரே வரிசையாக் கோத்திருக்காங்க. உள்நாட்டுப் போருக்கு முன்னாடி வெள்ளையருக்கு 56, கருப்பினத்தவருக்கு 1 (அப்ப நாப்பது லட்சம் பேர் தாங்களே அடுத்தவன் சொத்தா இருந்தாங்க, அதையும் ஞாபகத்துல வைங்க). 1920ல அது 10க்கு 1 ஆயிடுச்சு. அம்பது அறுபது வருஷத்துல, கொலை மெரட்டலுக்கு நடுவுல, பல எடத்துல ஓட்டுப் போட விடாமத் தடுத்ததுக்கு நடுவுல. இவங்களுக்கு மட்டும் என்ன வந்துச்சுன்னு கேக்கிற மாமாகிட்ட இந்த ஒரு வரியைக் காட்டுங்க. 1950கள்ல 7க்கு 1. இப்ப 6க்கு 1. 1980களுக்கு அப்புறம் நின்னே போச்சு, சொல்லப்போனா கொஞ்சம் பின்னாடி போகுது.

ஏன் நின்னுச்சுங்கறதுதான் வேடிக்கை. இந்த நாப்பது வருஷமா அமெரிக்காவுல சொத்து பெருகுனது சம்பளத்தைச் சேத்து வச்சு இல்ல, ஷேர் வெல ஏறி. வெள்ளைக் குடும்பங்க சொத்துல ஷேருக்கு நல்ல பங்கு இருக்கு, கருப்பினக் குடும்பங்க சொத்துல பெரும்பங்கு குடியிருக்கிற வீடு. ரெண்டு பேரும் வருமானத்துல ஒரே அளவு சேமிச்சாலும் மார்க்கெட் ஏற ஏற தூரம் கூடத்தான் செய்யும்.

குமரன் இதைத் தன்னோட நம்பர்லயே பாக்கலாம். 2019லேர்ந்து 2022க்குள்ள, வெலவாசியைக் கழிச்சுட்டுப் பாத்தா, கருப்பினக் குடும்பத்தோட மீடியன் சொத்து 61 சதவீதம் ஏறிச்சு, வெள்ளைக் குடும்பத்துது 31 சதவீதம். ரெண்டு மடங்கு வேகம்! பத்திரிகைக்காரன் இதைத் தலைப்பாப் போட்டுக் கொண்டாடலாம். ஆனா டாலர்ல பாத்தா எடைவெளி அதே மூணு வருஷத்துல 50,000 டாலர் பக்கம் கூடி 2,40,000 ஆயிருக்கு. சின்ன நம்பர்ல 61 சதவீதம் சின்னதுதான். சதவீதக் கோடு ஒண்ணு, டாலர் கோடு ஒண்ணு, ரெண்டையும் ஒரே பக்கத்துல போட்டீங்கன்னா உங்க மேடமுக்கு வெளக்கமே தேவைப்படாது.

ஹூஸ்டன்_ராசு:

மாமா மேட்டரை நான் பாத்துக்கிறேன், ஏன்னா எங்க ஊர்ல எல்லா பொங்கல் விழாவுலயும் ஒரு மாமா இதைச் சொல்லுவார், தட்டுல வடையோட.

அமெரிக்க கருப்பின மக்கள்ல பத்துல ஒருத்தர் வெளிநாட்டுல பொறந்தவங்க. 1980ல 8 லட்சம் பேர், 2019ல 46 லட்சம். ஜமைக்கா, ஹைத்தி, நைஜீரியா, எத்தியோப்பியா. ஹூஸ்டன்ல நைஜீரியாக்காரங்க நெறைய, என் பையனோட பீடியாட்ரிஷியனே அவங்கதான். நைஜீரியாலேர்ந்து வந்தவங்கள்ல பாதிக்கு மேல டிகிரி, அது அமெரிக்க வெள்ளையரைவிட அதிகம். ஆனா அது ஒட்டுமொத்த நைஜீரியா இல்ல, அங்கேர்ந்து விசா இன்டர்வியூ தாண்டி, ஃப்ளைட் டிக்கெட் காசு வச்சிருந்து, படிச்சு வந்த ஒரு சின்ன கூட்டம். அகதியா வந்த சோமாலி மக்களோட டேட்டாவைப் பாரு, படிப்பும் கம்மி, வருமானமும் கம்மி. ரெண்டு பேரும் டிக் அடிக்கிறது ஒரே பெட்டிலதான், போலீஸ்காரன் ராத்திரி காரை ஓரங்கட்டச் சொல்றப்ப பூர்வீகம் கேட்டுட்டு நிறுத்தறதும் இல்ல.

நம்மாளுங்க மட்டும் என்னவாம். அமெரிக்காவுல இருக்கிற இந்தியர்ல முக்காவாசிப் பேர் டிகிரி படிச்சவங்க, இந்தியாவுல அப்படியா இருக்கு? மாமா ரெண்டு பெட்டியோட வந்தது வாஸ்தவம், பெட்டிக்குள்ள பி.இ. சர்டிஃபிகேட்டும் இருந்துச்சு, அதைப் படிக்க வச்சது தமிழ்நாட்டு வரிப்பணம், ஸ்டூடன்ட் லோன் இல்ல. அதுக்கும் மேல, அவர் வந்து எறங்குறதுக்குக் கதவைத் தொறந்தது 1965 குடியேற்றச் சட்டம், அதுக்கு முன்னாடி இந்தியாவுக்கு வருஷக் கோட்டா நூறு பேர். அந்தச் சட்டம் எந்தக் காத்துல வந்துச்சுன்னா, 1964ல சிவில் ரைட்ஸ் சட்டம், 1965ல ஓட்டுரிமைச் சட்டம், தெருவுல அடிபட்டு அதை வாங்குனவங்க யாருன்னு மாமாவையே கேளு. நான் கேட்டுப் பாத்திருக்கேன், பேச்சு உடனே கிரிக்கெட்டுக்குப் போயிடும்.

மேரிலாண்ட்_மீனா:

ஒண்ணு சேத்துக்கங்க, "கருப்பின மக்கள்னா ஏழை"ங்கற மாதிரி ப்ராஜெக்ட் வந்துடக் கூடாது. எங்க பக்கத்துல பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுன்ட்டின்னு (கவுன்ட்டின்னா நம்மூர் மாவட்டம் மாதிரி) இருக்கு, கருப்பின மக்கள் மெஜாரிட்டி, ஃபெடரல் கவர்ன்மென்ட் வேலை, டாக்டர், வக்கீல், பெரிய பெரிய வீடு, பல வருஷமா நாட்டுலயே வசதியான கருப்பின கவுன்ட்டின்னு பேர். அப்புறம் பக்கத்து சார்ல்ஸ் கவுன்ட்டி அந்தப் பேரை வாங்கிடுச்சு. ஆனா 2008ல வீட்டுக் கடன் நெருக்கடி வந்தப்ப மேரிலாண்ட்ல அதிகமா வீடு பறிபோனது இதே பிரின்ஸ் ஜார்ஜஸ்லதான். மதுரை அண்ணன் சொன்ன மாதிரி மொத்த சொத்தும் வீட்டுலயே இருந்தா இதுதான் கதி.

2022ல கருப்பின மக்களோட வறுமை விகிதம் 17.1 சதவீதம், கணக்கு வச்ச காலத்துலேர்ந்து அதுதான் கொறைஞ்ச நம்பர். அதையும் போடுங்க, நல்ல சேதியும் டேட்டாதான்.

பவானி_எதிர்க்கட்சி:

மதுரைக்காரர் சொன்ன 56லேர்ந்து 10 கணக்கு எனக்குப் புதுசுங்க, படிச்சுப் பாக்கறேன். ஆனா ஒரு சந்தேகம், பணக்கார கருப்பினக் குடும்பத்துல பொறந்த புள்ளைக்கு அந்தப் பிரச்சனை இருக்கக் கூடாதில்ல? அப்பன்கிட்ட சொத்து இருக்கே.

சென்சஸ்_கிறுக்கன்:

அதுக்கும் ஆய்வு இருக்கு சார். ராஜ் செட்டிங்கற பொருளாதார நிபுணரோட டீம் 2018ல சென்சஸ் பீரோ, வருமான வரி ரெக்கார்டு ரெண்டையும் கோத்து ரெண்டு கோடி புள்ளைங்களைப் பின்தொடர்ந்தாங்க. ஒரே வருமானம் உள்ள வீட்டுல வளந்த கருப்பினப் பையனும் வெள்ளைப் பையனும் பெரியவங்க ஆனப்புறம் ஒரே எடத்துல இல்ல, அமெரிக்காவுல நூத்துக்கு 99 ஏரியாவுல இப்படித்தான். உச்சத்துல இருக்கிற பணக்கார வீட்டுல பொறந்த கருப்பினப் பையன் கீழ சறுக்குற வாய்ப்பு அதே மாதிரி வெள்ளைப் பையனைவிட ரொம்ப அதிகம். ஆனா பொண்ணுங்களைப் பாத்தா, பெத்தவங்க வருமானம் ஒண்ணுன்னா கருப்பினப் பொண்ணும் வெள்ளைப் பொண்ணும் கிட்டத்தட்ட ஒரே சம்பளத்துக்கு வந்துடுறாங்க. குடும்பம் சரியில்ல, கலாச்சாரம் சரியில்லங்கறதுதான் காரணம்னா அதே வீட்டுல வளந்த அக்காவுக்கும் அதே கதி வரணும்ல. அக்கா ஏறுறா, தம்பி சறுக்குறான். ஜெயில் கணக்கு, வேலைக்கு எடுக்கிற எடத்துல நடக்குறது, இதெல்லாம் தம்பிக்குத்தான் அதிகம்.

அதனால குமரா, படிப்பு டேபிளை ஆண் பெண் பிரிச்சே போடு. டிகிரி வாங்குறதுலயும் அங்க பொண்ணுங்க முன்னாடி ஓடுறாங்க, சேத்துப் போட்டா அது மறைஞ்சிடும்.

அடையாளம்னு கேட்டியான்னு தெரியல, தலைப்புல இல்ல, இருந்தாலும் சொல்றேன். பியூ ரிசர்ச்ங்கற ஆய்வு நிறுவனத்தோட சர்வேல கருப்பின மக்கள்ல 76 சதவீதம் பேர் தன்னை நெனைக்கிறப்ப கருப்பினம்ங்கறது ரொம்ப முக்கியம்னு சொன்னாங்க, ரெண்டு இனம்னு சொன்னவங்கள்ல அது 57 சதவீதம். பாதிக்குக் கொஞ்சம் மேல பேர், நாட்டுல கருப்பின மக்களுக்கு நடக்கிறது என் வாழ்க்கையையும் பாதிக்குதுன்னு சொன்னாங்க. இதை செட்டி ஆய்வோட சேத்து வச்சுப் படி.

நெய்வேலி_குமரன்:

அய்யோ, ஒரே நாள்ல பாதி ரிப்போர்ட் ரெடி. நன்றி அண்ணன்களே, அக்காக்களே. மாமாவுக்கு ராசு அண்ணன் பதிலை அனுப்புனேன், ப்ளூ டிக் வந்துச்சு, பதில் வரல. 

கடைசியா மூணு கேள்வி. படிப்பு, வருமானம், வீடு மூணையும் கவுன்ட்டி வாரியா எந்த டேபிள்ல எடுக்கிறது? சொத்தும் கவுன்ட்டி வாரியா கெடைக்குமா, கெடைச்சா மேப் போட்டுடலாம்னு ஆசை. இதுக்கெல்லாம் தீர்வுன்னு ஏதாவது எங்கயாவது பண்றாங்களா, ஒரு பாரா எழுதணும்.

ஜார்ஜியா_செல்வி:

தீர்வுக்கு ரெண்டு எழுதிக்க. கனெக்டிகட் மாநிலத்துல ஏழைக் குடும்பத்துல, அரசாங்க மெடிக்கல் இன்சூரன்ஸ்ல பொறக்கிற ஒவ்வொரு கொழந்தை பேர்லயும் 3,200 டாலர் முதலீடு பண்றாங்க, 2023 ஜூலைலேர்ந்து பொறந்தவங்களுக்கு, பெரியவங்களானதும் படிப்புக்கோ வீட்டுக்கோ எடுத்துக்கலாம். இனம் பாத்துக் குடுக்கல, இல்லாதவங்களுக்குக் குடுக்குறாங்க. ஐடியா பவானிக்காரர் திட்டுன அந்த ஹாமில்டன், டாரிட்டியோடதுதான். இன்னொண்ணு இலினாய்ல எவன்ஸ்டன்னு ஒரு ஊர், அங்க பழைய வீட்டுப் பாகுபாட்டுல பாதிக்கப்பட்ட கருப்பினக் குடும்பங்களுக்கு 25,000 டாலர் குடுக்குற திட்டம் 2021ல ஆரம்பிச்சாங்க, அது கோர்ட்டு வரைக்கும் போயிருக்கு.

பவானி_எதிர்க்கட்சி:

நான் திட்டலைங்க, வயசைப் பாருங்கன்னேன்.

மதுரை_பொருளாதாரம்:

குமரன், சென்சஸ் பீரோ வருஷாவருஷம் எடுக்கிற அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வேல டேபிள் நம்பரோட கடைசி எழுத்தைப் பாருங்க, கடைசில "பி" இருந்தா பிளாக் மட்டும், "எச்" இருந்தா ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையர். படிப்புக்கு சி15002பி, குடும்ப வருமானத்துக்கு பி19013பி, சொந்த வீடா வாடகையான்னு பாக்க பி25003பி. சி15002ல ஆண் பெண் ஏற்கனவே பிரிச்சே இருக்கும். சின்ன கவுன்ட்டின்னா அஞ்சு வருஷ சராசரி எடுங்க, மார்ஜின் ஆஃப் எரர் (நம்பர் எவ்ளோ முன்னபின்ன இருக்கலாம்ங்கற அளவு) இருக்கிற பத்தியையும் சேத்தே டவுன்லோடு பண்ணுங்க, பல கவுன்ட்டில கருப்பின மக்கள் நூறு பேர்கூட இருக்க மாட்டாங்க, அந்த மீடியன் எல்லாம் சும்மா.

சொத்துக்கு கவுன்ட்டி மேப் ஆசையை விட்டுடுங்க. கம்யூனிட்டி சர்வே வீட்டு மதிப்பைக் கேக்கும், கடன் கழிச்ச மொத்த சொத்தைக் கேக்காது. ஃபெட் சர்வே மூணு வருஷத்துக்கு ஒருக்காதான், 2022ல நாடு முழுக்க 4,600 குடும்பம் பக்கம்தான் கேட்டாங்க, அதை மாநிலமா ஒடைக்கவே முடியாது, கவுன்ட்டி எங்க. வேணும்னா பி25003பியை மேப்பா போட்டுட்டு, சொத்தை நாடு முழுக்க ஒரே சார்ட்டா பக்கத்துல வைங்க. சர்வே ஃபைல் எறக்குறப்ப வெயிட் (ஒரு குடும்பம் எத்தனை குடும்பத்துக்குச் சமம்ங்கற நம்பர்) இருக்கிற பத்தியை மறக்காதீங்க, பணக்காரக் குடும்பங்களை வேணும்னே கூடுதலா சேத்திருப்பாங்க, வெயிட் போடாம மீடியன் எடுத்தா எல்லாரும் கோடீஸ்வரனாத் தெரிவாங்க.